காலணாவுக்கு வெங்காயத்தோல் பார்த்தவர்கள்

ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மறு கண்ணுக்குக் காலணா வாங்குகிற தொழில் என்னுடையது. யாருக்கும் வேண்டாத ஒரு சாமானைச் சந்தையில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் முகத்தையே பார்த்து நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால், நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே சாதி. அந்தப் பாக்கியம் கிட்டாத மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

ரங்கூனில் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் ஆறு வருஷம் எடுபிடியாக இருந்தேன். கண்ணாடிச் சில்லுகளைக் கழுவித் துடைத்து அடுக்குவது என் வேலை. அவர் சீமைக்குத் திரும்பும்போது தம்முடைய பழைய பித்தளை மைக்ராஸ்கோப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கப்பலில் அதைக் கைப்பிள்ளை போல மடியிலேயே வைத்துக்கொண்டு கோட்டையூர் வந்து சேர்ந்தேன். மைக்ராஸ்கோப் என்று சொன்னால் ஒரு ஆள் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று, பூதக்கண்ணாடி என்றே பெயர் வைத்தேன்.

சந்தை கூடுகிற ஊராகப் பார்த்துப் போவேன். மேசையைப் போட்டு, சிவப்பு வெங்காயத்தின் மெல்லிய தோலை உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைப்பேன். குழாய் வழியாகப் பார்த்தால் செங்கல் அடுக்கின மாதிரி அறை அறையாகத் தெரியும். ஒவ்வொரு அறையிலும் கத்தரிப்பூ நிறத்தில் சாறு நிரம்பி நிற்கும். ஓரத்தில் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால், அறைக்குள் இருக்கிற தண்ணீர் சுவரைத் தாண்டி வெளியே போய்விடும். சாறு சுருங்கி நடுவில் மூட்டையாய் உட்கார்ந்துவிடும். நல்ல தண்ணீர் விட்டால் மறுபடி நிரம்பும். என் வித்தை மொத்தமும் இவ்வளவுதான்.

என் பெண்சாதி பாக்கியத்துக்கு இந்த வித்தை பிடிக்கவில்லை. அவளுடைய அண்ணன் காரைக்குடியில் விறகுக்கடை வைத்திருக்கிறார். அங்கே தராசு பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தை பிறந்த கையோடு ஒரு நாள், சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து சொன்னாள்: “சித்திரை பொறக்குற வரைக்கும் பாப்பேன். இந்தக் கண்ணாடியால எனக்கு ஒரு காரியம் ஆச்சுன்னு ஒரே ஒருத்தர் நம்ம வாசல்ல வந்து சொல்லட்டும், அப்புறம் நான் வாயத் தெறக்கல. இல்லாட்டி எங்கண்ணன் கடைக்குப் போயிருங்க. கண்ணாடியப் பாத்திரக்காரர்ட்டப் போட்டுருவோம்.” விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்தக் கண்ணாடி ஒன்றுதான் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

மூடிய கண்

தேவகோட்டையில் ஒரு வெற்றிலை வியாபாரி வந்தார். நல்ல தாட்டியான ஆள். “ஒரு கண்ண மூடிக்கிட்டு இந்தக் குழாயில பாருங்க” என்றேன். சொல்வது சுலபம், நம் ஜனங்களுக்குச் செய்ய வராது. சிலர் திறக்க வேண்டிய கண்ணை மூடிக்கொண்டு மூட வேண்டியதைத் திறப்பார்கள். சிலர் கையால் பொத்துவார்கள், அந்தக் கை கண்ணாடியைத் தட்டிவிடும். இவரோ குழாயில் முகத்தை வைத்தவர் வைத்தவர்தான். பின்னால் ஏழெட்டுப் பேர் காத்து நிற்கிறார்கள். என்னடா இது என்று குனிந்து பார்த்தால், இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறார்.

“தெரியுதாண்ணே?” என்றேன். “ரொம்ப அருமையா இருக்கு” என்றார். இரண்டு கண்ணும் மூடியிருக்கிறதே என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். மனுஷர் கொஞ்சமும் அசரவில்லை. காலணாவை மேசையில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “சாமி கும்புடறப்பவும் கண்ண மூடிக்கிட்டுத்தான் பாக்குறோம். அது தெரியலையா?”

வாசல் இல்லாத வீடு

காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டு ஆச்சி, சந்தைக்கெல்லாம் தான் வர முடியாது என்று என்னை வீட்டுக்கே கூப்பிட்டு அனுப்பினார்கள். செட்டியார் பர்மாவில் இருந்தார். வீட்டுக்குள் ஒவ்வொரு கட்டாகத் தாண்டிப் போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. நடு முற்றத்தில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துக் கண்ணாடியை வைத்தேன். ஆச்சி மிகவும் நிதானமான பார்வைக்காரர். வைரத்தோட்டுக்குக் கல் பார்க்கிறவர்கள் இல்லையா, ஒரு கண்ணை மூடுவது அவர்களுக்குக் கைவந்த கலை.

வெகுநேரம் பார்த்துவிட்டு, “இத்தனை அறை இருக்கு, ஒத்த வாசலக் காணமே. உள்ளுக்கு இருக்கவுக சாப்பாட்டுக்கு என்ன செய்வாக?” என்றார்கள். என்னை யாரும் அதுவரை கேட்காத கேள்வி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாயசத்துக்குக் கிஸ்மிஸைத் தண்ணீரில் போட்டால் உப்பிக்கொள்கிறதே, அதற்கு எங்கே வாசல் இருக்கிறது என்று கேட்டேன். அறையின் சுவருக்கு உட்புறம் ஈரத்துணி மாதிரி ஒரு சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் வந்தால் விடும், உள்ளே இருக்கிற சாயத்தை வெளியே விடாது, யார் வரலாம் யார் போகலாம் என்பதெல்லாம் அதன் பொறுப்பு என்றேன்.

ஆச்சி மறுபடியும் குனிந்து பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து, தம் வீட்டுத் தேக்குக் கதவுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: “எங்க வீட்டுல எண்ணிக்கையில்லாமக் கதவு போட்டிருக்கு, வேண்டாத ஒறவுக்காரவுக ஒருத்தரையும் நிறுத்த முடியல. வெங்காயத்துக்குத் தெரிஞ்சது எங்க ஆசாரிக்குத் தெரியலையே.”

மூத்திரப்பை

வெங்காயத்தோலைப் பார்க்க ஒரு சமயத்தில் ஒருவரால்தான் முடியும். கூட்டத்தை நிறுத்திவைக்க வேறு ஏதாவது வேண்டியிருந்தது. அதற்காகச் சிங்கம்புணரிச் சந்தையில் கறிக்கடைக்காரரிடம் ஓர் ஆட்டு மூத்திரப்பையை வாங்கிக் கழுவி, அதில் பாதிக்குக் கருப்பட்டிப் பாகை ஊற்றி, வாயை இறுக்கிக் கட்டி, ஒரு பானைத் தண்ணீரில் போட்டேன். போடும்போது தொளதொளவென்று கிடந்தது. ஒருவரும் தொடவில்லை, ஊதவில்லை. வெயில் ஏற ஏறத் தானாக உப்பி, சுண்டினால் உறுமி மேளம் மாதிரிச் சத்தம் கொடுத்தது. தண்ணீர் சவ்வின் வழியாக உள்ளே போகிறது, பாகு அவ்வளவு வேகமாக வெளியே வர முடியவில்லை என்று விளக்கினேன்.

ஜனங்கள் விளக்கத்தைக் கேட்கவில்லை, வரிசையாக வந்து சுண்டிப் பார்த்தார்கள். வடையும் பணியாரமும் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடையை அங்குட்டு நகர்த்திவிட்டார். கடைசியாக வந்து சுண்டியவர் அதை எனக்கு விற்ற கறிக்கடைக்காரரேதான். பானைக்குள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பானையைப் பார்த்தார். அப்புறம் உண்மையான மனவருத்தத்தோடு சொன்னார்: “இம்புட்டு வருசமா தூக்கித் தூக்கி எறிஞ்சிருக்கேன். ஒரு நாளாச்சும் ஏங்கிட்ட இதச் சொல்லியிருக்கா பாருங்க.”

விறகு செய்வது

பாக்கியத்தின் அண்ணன், அதாவது என் மச்சான், நல்ல மனுஷர். அவரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் கோட்டையூருக்கு வந்தவர், “காட்டுங்க மாப்ளை, நானும் பாக்குறேன்” என்றார். இவரை வென்றுவிட்டால் தங்கையையும் வென்ற மாதிரிதான் என்று எனக்கு ஒரு நப்பாசை. அவருக்குப் பிடித்ததாகக் காட்டலாம் என்று, அடுப்படியில் கிடந்த விறகில் மெல்லிசாய் ஒரு சீவல் சீவி வைத்தேன்.

“அறை இருக்கு, உள்ளுக்கு ஒண்ணுமே இல்லையே” என்றார். காய்ந்த விறகுதானே மச்சான், சாறும் சவ்வும் எல்லாம் போய்ச் சுவர் மட்டும் மிச்சம் நிற்கிறது, தண்ணீர் ஊற்றினால் ஊறும், ஆனால் உயிர்ச்செடி மாதிரி எதை விடுவது எதை நிறுத்துவது என்று பார்க்க உள்ளே ஆள் இல்லை என்றேன். அழகாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரே பூரிப்பு. மச்சான் தலையை ஆட்டினார். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, அடுப்படிப் பக்கம் நின்ற தங்கைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “ஆளில்லாத வீடுன்னாலும் எரியுதுல்ல மாப்ளை. ஒங்க கண்ணாடி என்ன செய்யும்?”

அன்று அடுப்படியில் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே வைக்கப்பட்டன.

தாமதமாய்த் தெளித்த தண்ணீர்

மாசி மாதம் தேவகோட்டையில் எனக்கு ஒரு மானக்கேடு. உப்பைக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்டுக் கரைத்துவிட்டேன். அதோடு, பார்க்க வந்தவர்கள் ஒருவருக்கொருவர் பேச்சுக் கொடுத்து நேரத்தை இழுத்தடித்துவிட்டார்கள். அறைகளெல்லாம் சுருங்கினது சுருங்கினபடியே கிடந்தன. “இப்பப் பாருங்க, நல்ல தண்ணி விட்டா எந்திரிச்சிரும்” என்று கூவிக்கொண்டே நல்ல தண்ணீர் விட்டேன். எழுந்திருக்கவில்லை. இன்னும் விட்டேன். சவ்வு கிழிந்து, சாயம்தான் கலங்கிப் பரவியது. வெயில் வேறு, எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

வரிசையில் ஒரு மருத்துவச்சி அம்மாள் நின்றிருந்தார். எத்தனையோ வீட்டில் பிரசவம் பார்த்த கை, எதற்கும் பதற்றப்படாது. குழாயில் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். “மயக்கம் போட்டு விழுந்தவளுக்குத் தண்ணி தெளிச்சா எந்திரிப்பா. மூணு நாள் கழிச்சுத் தெளிச்சா எந்திரிப்பாளாய்யா?” என்றார். அதன் பிறகு உப்பை அளந்துதான் கரைக்கிறேன்.

சேவுகன் கேட்டது

அதே மாசிக் கடைசியில், சிங்கம்புணரியில் ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் சேவுகன் என்று பிறகு சொன்னார். தோளில் வெறும் சாக்கு. தோட்டத்தில் விளைந்த காயைக் கொண்டுவந்து விற்கிற சம்சாரி, அன்றைக்குக் காய் இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். வெங்காயத்தோலைப் பார்த்தார். உப்புத் தண்ணீர் விட்டேன். “இப்ப என்ன ஊத்துனீக?” என்றார். உப்புத் தண்ணி என்றேன். “நெசமாவா?” என்றார். இன்னொரு தோல் வைத்துக் காட்டச் சொன்னார். அதையும் பார்த்துவிட்டு, இன்னொன்று என்றார். மூன்றாவது தடவை முடிந்ததும் என் மேசைக் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். கிணற்றடியில் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கிறார். வரப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய கூடப்பிறந்த தம்பி தோட்டம். தை மாதம் ஒரு நாள் தம்பி வரப்பில் நின்று, “காய் நல்லாப் பிடிச்சிருக்கேண்ணே” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் உச்சி வெயிலில் இலை லேசாய் வாடியது. உச்சி வெயிலில் எந்தக் கத்தரி வாடாது? ஆனால் வீட்டில் கண் பட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். உப்பும் மிளகாயும் எடுத்துத் தோட்டத்தைச் சுற்றினார்கள். மிளகாயை அடுப்பில் போட்டார்கள். உப்பைத் தண்ணீரில்தானே கரைக்க வேண்டும், அது கரைகிற மாதிரி திருஷ்டியும் கரைய வேண்டும் என்று? தோட்டத்துக்குச் சுற்றினது தோட்டத்துக்கே என்று, பாத்திக்குத் தண்ணீர் போகிற வாய்க்காலில் கரைத்துவிட்டார்கள்.

இலை இன்னும் வாடியது. குறி சொல்கிற கோடாங்கி பார்த்ததில், பட்டது பெரிய கண், கைப்பிடி உப்புக்கு அடங்காது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தண்ணீர் பாய்ச்சுகிற நாளெல்லாம் ஒரு மரக்கால் உப்பு. செடி வாட வாட உப்பு, உப்புக் கரையக் கரைய வாட்டம். இப்படியே ஒரு மாதம். இதற்கு நடுவில் தம்பியோடு பேச்சு நின்றுபோயிற்று. தம்பி மகளுக்குக் காது குத்து நடந்தது, பெரியப்பன் இவர் போகவில்லை. “அவன் கண்ணுதான் பட்டுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்யா” என்றார்.

நல்ல தண்ணீரை நிறையப் பாய்ச்சி, வேறு பக்கம் வடிய விடுங்கள், உப்பைக் கழுவிக்கொண்டு போகும், ஆனால் எல்லாச் செடியும் பிழைக்கும் என்று நான் சொல்லமாட்டேன் என்றேன். தம் கிணற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லை என்றார். அப்படியென்றால் யாரிடமாவது கேளுங்கள் என்றேன். தம்பி கிணறு ஒன்றுதான் பக்கத்தில் இருக்கிறது என்றார். எழுந்து சாக்கை உதறிக்கொண்டு நாலு எட்டு போனவர், திரும்பி வந்தார். சுருங்கிக் கிடந்த அறைகளை இன்னொரு தரம் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “உப்ப எதுக்காகப் போட்டோம்னு இந்த அறைக்குத் தெரியுமாய்யா?”

கோட்டையூர் வாசலில்

பங்குனி முழுக்க எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் மோர்க்காரியும், வரி கேட்கிற ஆளும்தான். சேவுகனைப் பற்றி நான் பாக்கியத்திடம் சொல்லவில்லை. அந்தத் தோட்டம் என்ன ஆயிற்றோ, அவர் தம்பி வீட்டுப் படியேறினாரோ இல்லையோ, நம் பிழைப்புக்கு அதைச் சாட்சி வைப்பதா என்று வெட்கமாக இருந்தது. சித்திரை பிறந்தது. சொன்ன சொல் சொல்தான் என்று, மூன்றாம் நாள் மச்சான் கடைக்குப் போய்த் தராசைப் பிடித்தேன். கை நன்றாகத்தான் பிடித்தது, மனசுதான் பிடிக்கவில்லை.

மத்தியானம் தலையெல்லாம் விறகுத் தூளோடு வீட்டுக்கு வந்தால், வாசலில் சேவுகன் உட்கார்ந்திருக்கிறார். பூதக்கண்ணாடிக்காரர் வீடு எது என்று ஊரெல்லாம் விசாரித்து வந்திருக்கிறார். அவருக்கு முன்னால் ஒரு சாக்கு, சின்னச் சின்னக் கத்தரிக்காயாகக் கால் சாக்கு. பாக்கியம் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எனக்கும் கேட்கட்டும் என்றே அவரிடம் கேட்டாள்: “இவுக கண்ணாடியால ஒங்களுக்கு என்ன காரியம் ஆச்சுன்னு சொல்லுங்கண்ணே.”

சேவுகன் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தம்பி வீட்டு வாசலில் போய் நின்றாராம். தண்ணீர் வேண்டும் என்று மட்டும்தான் வாயில் வந்ததாம். மற்றது ஒன்றும் வரவில்லையாம். தம்பி எதுவும் கேட்கவில்லை. மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்க் கமலையில் பூட்டி, நாலு நாள் தானே இறைத்து விட்டாராம். “கத்தரி பாதிதான் தாயி பொழச்சுச்சு” என்றார் சேவுகன். “மத்தப் பாதி போயிருச்சு. ஆனா தம்பிகிட்டத் தண்ணி கேக்கப் போனேன்ல, அதான் காரியம்.”

பாக்கியம் உள்ளே போய் அவருக்கு ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, “தலையக் கழுவுங்க, தூளா இருக்கு” என்றாள். நான் கழுவி முடித்து நிமிர்ந்ததும், கண்ணாடியை விற்றாயிற்றா என்று பயந்துகொண்டே கேட்டேன். “பாத்திரக்காரர் வந்தாரு. ஆளில்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தலையைத் துவட்டுகிற சாக்கில் துடைத்துக்கொண்டேன். சேவுகன் போன பிறகு கத்தரிக்காயை அரிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: “அடுத்த சந்தை எந்த ஊருல?”

அன்று சாயங்காலம் பாக்கியம் என்னையும் கண்ணாடியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துத் திருஷ்டி கழிய உப்புச் சுற்றினாள், சுற்றிய உப்பை மட்டும் கொல்லைக் கீரைப்பாத்திப் பக்கம் கொண்டுபோகாமல் தெருக்கோடி வரைக்கும் நடந்து போய்க் கரைத்துவிட்டு வந்தாள் என்பதால், எங்கள் வீட்டுக்குள் விஞ்ஞானம் எத்தனை தூரம் வந்திருக்கிறது என்பதை நீங்களே அளந்துகொள்ளலாம்.